அளவு: பூஜ்யம்

— சத்தியமாச் சொல்றேம்மா, இதுல ஒரு சொல்லு பொய்யின்னாலும் என் நாக்கு அழுகட்டும். உன் மாமியார் இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளதான் இருக்கா.

— மாமா, என் தம்பி வாசல்ல வண்டியோட நிக்கிறான். அத்தை ஃபோல்டர்ல என்னென்ன இருக்குன்னு ஒரு லிஸ்ட் எடுத்து வைங்கன்னுதானே சொன்னேன்? வேணுங்கிறதை வெச்சுக்கிட்டு, மிச்சத்தைத் துடைச்சு கம்ப்யூட்டரை அவன்கிட்ட குடுக்கணும்.

— எடுத்தேனே! கட்டளை அடிக்கிற அந்தக் கறுப்பு ஜன்னலைத் திறந்து, ஒரு வரி அடிச்சு, லிஸ்ட்டை டெக்ஸ்ட் ஃபைலா சேமிச்சேன். அங்கதான் வந்துச்சு வினை.

— என்ன வினை?

— முதல்ல ஃபோல்டரைக் கண்ணால பாத்துக்கிட்டேன். தையல் அளவு இருக்கு, வீட்டு வரி ரசீது இருக்கு, சாட்சிக்குன்னு அவ பதிவு பண்ணி வெச்ச என் குறட்டை இருக்கு. வேற ஈ காக்கா கிடையாது. லிஸ்ட்டைத் திறந்தா, கூட ஒருத்தி நிக்கிறா. ‘ராங்கி’!

— அத்தையை நீங்க கூப்பிடுற பேரு.

— நான் மட்டும் கூப்பிடுற பேரு. தேதி இன்னிக்கு. நேரம் அந்த நிமிஷம். அளவு பூஜ்யம். உடம்பில்லாம பேரு மட்டும் வந்து நிக்குதும்மா! அவ நாற்காலிப் பக்கம் திரும்பவே எனக்குத் தைரியம் வரலை.

— அப்புறம்?

— அழிச்சேன். மறுபடி லிஸ்ட் எடுத்தேன். மறுபடியும் அவ, அந்த நிமிஷத்து நேரத்தோட. விரட்டினா போற ஆளா? உயிரோட இருந்தப்பவே போகமாட்டா.

— மாமா, லிஸ்ட்டை எங்க சேமிச்சீங்க?

— அவ ஃபோல்டர்லயேதான். வேற எங்க?

— என்ன பேர்ல?

— ...ராங்கின்னுதான்.

— அதான் பாருங்க. கம்ப்யூட்டர் முதல்ல உங்க ஃபைலைக் காலியா உண்டாக்கி வெச்சுட்டு, அப்புறம்தான் உள்ள என்னென்ன இருக்குன்னு பாக்கும். அந்தக் காலி ஃபைலையும் சேர்த்து எழுதிடும். அதான் பூஜ்யம். பேயும் இல்ல, பிசாசும் இல்ல.

— அப்ப அவ வரலையா?

— வரலை மாமா.

— சரி. தம்பியைக் கூப்பிடு... இரும்மா. துடைக்கிறதுக்கு முந்தி, இன்னும் ஒரே ஒரு தடவை லிஸ்ட் எடுத்துக்கட்டுமா?

— எடுத்துக்குங்க. எத்தனை தடவை வேணும்னாலும் எடுத்துக்குங்க, தம்பியைப் போகச் சொல்லிடறேன். ஆனா மாமா, ரிடையர் ஆகிற வரைக்கும் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் செக்‌ஷனையே கட்டி மேய்ச்சவர் நீங்க. இந்தப் பூஜ்யம் உங்களுக்குத் தெரியாததா?