நடு பூமை அறுத்தது நான்தான்

மேலே குறித்துள்ள பெயரும் விலாசமும் என்னுடையவை. வயது முப்பத்தொன்பது. கடற்கரையில் பாய்ப்பலகை வாடகைக்கு விடும் கூடத்தில் சாமான்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். கூடம் என் அக்காவுக்கும் அவள் கணவருக்கும் சொந்தம். அவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். கடற்கரையில் எல்லோரும் என்னை ‘ஆணி’ என்பார்கள். அடித்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்பதற்காக அத்தான் வைத்த பெயர் அது. என்மேல் புகார் கொடுத்திருப்பவரும் அவரே. புகாரை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அதில் கண்டபடி, பந்தயம் நடந்த ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தின் நடு பூமை அறுத்தது நான்தான். எதற்கு அறுத்தேன் என்பது புகாரில் இல்லாததால் அதைச் சொல்கிறேன்.

பூம் என்றால் என்ன என்று காவல் ஆய்வாளர் கேட்டார். பாய்ப்பலகை என்பது ஒருவர் நின்றபடி ஓட்டும் பலகை. அதன்மேல் ஒரு பாய்மரமும் பாயும் இருக்கும். பாயை இரண்டு பக்கமும் அணைத்தபடி இலை வடிவில் வளைந்து வரும் கைப்பிடிக் குழாய்தான் பூம். அதன் முன்முனை பாய்மரத்தைக் கவ்வும். பின்முனையில் பாயின் மூலையைக் கயிற்றால் இழுத்துக் கட்டுவோம். ஓட்டுகிறவர் உடம்புப் பாரம் பெரும்பாலும் அதில்தான் தொங்கும்.

பாய்கள் சிறிதும் பெரிதுமாக இருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே பூம் ஆகாது. பின்பக்கத்தில் வால் என்று ஒரு துண்டு, குழாய்க்குள் போய்வரும். அதில் வரிசையாகத் துளைகள் இருக்கும். வேண்டிய அளவு நீட்டி ஒரு துளையில் பூட்ட வேண்டும். எங்கள் கூடத்தில் சின்னது, நடு, பெரியது என்று மூன்று அளவு உண்டு. பெரிய பூமைச் சின்னப் பாயில் மாட்டினால், எவ்வளவு உள்ளே தள்ளினாலும் பாயைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும், அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி. பார்ப்பவர் சிரிப்பார்கள், அவ்வளவுதான். சின்னதைப் பெரிய பாய்க்கு நீட்டுவதுதான் ஆபத்து. வால் எவ்வளவு வெளியே வருகிறதோ அவ்வளவு குறைவாகத்தான் உள்ளே பிடிப்பு இருக்கும். ஆகவே எந்தப் பாயானாலும், வாலின் நடுத்துளைகளில் பூட்டும்படி ஒரு பூமை எடுப்பதே முறை. கடைசித் துளை அவசரத்துக்கு. அதற்கு அப்பால் துளை கிடையாது. எங்கே நிறுத்த வேண்டும் என்பது செய்தவனுக்குத் தெரியும்.

அத்தான் அதற்கு அப்பால் ஒரு துளை போட்டார்.

அது நடந்தது பந்தயத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது. எங்கள் பெரிய பூமின் முன்கவ்வி உடைந்துபோய், மாற்றுக் கவ்வி வரத் தாமதமானது. காற்று குறைவான மாதம் என்பதால் அக்காவுக்குப் பெரிய பாய்தான் வேண்டும். சென்ற ஆண்டு கடைசித் திருப்பத்தில் முதலிடத்தைக் கோட்டைவிட்டவள், இந்த முறை விடுவதில்லை என்று பிடிவாதமாக இருந்தாள். பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து; எங்கள் இருவருக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அத்தான் நடு பூமின் வாலை உருவி, அதன் உள்முனையை ஒட்டிப் புதிதாக ஒரு துளை போட்டார். அதில் பூட்டியபோது பூம் பெரிய பாய்க்கு எட்டியது. குழாய்க்குள் நின்ற வால் நாலு விரல் அகலம்கூட இல்லை. நான் விரல் வைத்துக் காட்டினேன். “எட்டுதா இல்லையா? எட்டுதுல்ல, அப்புறம் என்ன?” என்றார்.

அதன் பிறகு அக்கா அதை மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போனாள். எல்லை மிதவையைத் தாண்டிய இடத்தில் அந்தத் துளை கிழிந்து வால் கழன்றுவிட்டது, பாய் தண்ணீரில் விழுந்தது. காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது. நான் கரையில் நின்று பார்த்தேன். பலகைமேல் உட்கார்ந்தபடி அவள் ஆட்டிய கை சின்னதாகிக்கொண்டே போனது. பிறகு கை தெரியவில்லை, பிறகு பலகையும் தெரியவில்லை. மீட்புப் படகுக்காரர் அவளைத் தேடி ஏற்றிவருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இறங்கியபோது அவளுக்குப் பல் தந்தியடித்தது. என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. “பந்தயத்துக்குள்ள சரி பண்ணிடலாம்ல?” என்றுதான் முதலில் கேட்டாள்.

அதன் பிறகு அத்தான் கிழிந்த வாலை வீசிவிட்டு, வேறொரு வாலை எடுத்து, அதே இடத்தில் அதே துளையைப் போட்டார். “போன தடவை துளை கோணல். இப்ப நேரா போட்டிருக்கேன்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அக்காமேல் உயிரையே வைத்திருக்கிறார். தன்மேல் தப்பு என்று ஒப்புக்கொள்வதைத் தவிர அவளுக்காக எதையும் செய்வார்.

நடு பாயை எடுத்துக்கொள், அது நடு பூமுக்குப் பொருத்தம் என்று அக்காவிடம் சொன்னேன். “இந்தக் காத்துல அதை மாட்டிட்டுப் போனா கம்பம் மாதிரி நிக்க வேண்டியதுதான். ஓட்டப்போறது நீயா, நானா?” என்றாள். அவள் சொன்னதும் நியாயம்தான். அதன் பிறகு பக்கத்துக் கூடத்துக்காரரிடம் போய்ப் பெரிய பூம் ஒன்றை இரவல் கேட்டேன். அவருக்கும் அத்தானுக்கும் பேச்சு கிடையாது. பலகைகளைக் கடலில் இறக்கும் சரிவுத்தளத்தில் யார் பலகை முன்னால் கிடப்பது என்று மூண்ட சண்டை. ஆனாலும் விஷயத்தைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். அத்தான் அதைப் பார்த்துவிட்டு, “அவன் சாமானை என் பொண்டாட்டி தொடணுமா? கொண்டுபோய்ப் போட்டுட்டு வா” என்றார். நான் கொண்டுபோய்ப் போடவில்லை. பாய் அலமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

சம்பவத்தன்று காலை அக்காவும் அத்தானும் பந்தயத்துக்குப் பெயர் பதியப் போயிருந்தார்கள். பெரிய பாய் மணலில் விரித்துக் கிடந்தது. பக்கத்தில் நடு பூம், வால் புதுத் துளையில் பூட்டியபடி இருந்தது. ஒளித்து வைத்தால் அத்தான் கண்டுபிடிப்பார். முன்பே ஒருமுறை கண்டுபிடித்தார். வாலை மட்டும் எடுத்துவிட்டால் இன்னொரு வாலில் துளை போடுவார். ஆகவே அதைப் பட்டறை மேசைக்குக் கொண்டுபோய், வைஸ் பிடியில் இறுக்கி, இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடால் ஒரு பக்கக் குழாயை அறுத்தேன். அதன் பிறகு அடுத்த பக்கத்தையும் அறுத்தேன். ஒரு பக்கம் போதாதா என்று ஆய்வாளர் கேட்டார். ஒரு பக்கம் என்றால் அத்தான் ஒட்டுப்போட்டுவிடுவார். அதன் பிறகு இரவல் பூமை அக்காவின் பாயில் மாட்டி, வாலை நடுத்துளையில் பூட்டி, கயிற்றை இழுத்துக் கட்டித் தயாராக வைத்தேன்.

திரும்பி வந்த அக்கா துண்டுகளைப் பார்த்தாள்.

“நான் போகவே கூடாதுன்னு முடிவு பண்ணிட்டியா?”

“போ அக்கா. இதுல போ. எல்லாம் கட்டி வச்சிருக்கேன்.”

“உன் தயவுல எனக்கு எதுவும் வேண்டாம்.”

அத்தான் கத்தினார். அவர் சொன்ன வார்த்தைகளை இதில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கும் அவர் எனக்கு அத்தான்தான். கிளம்பும் விசில் ஊதியபோது அக்கா மணலில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களின் பாய்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து போவதைப் பார்த்து அழுதாள். அதைப் பார்த்து நானும் அழுதேன். “இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்” என்றாள். “முழிக்காதே. ஆனா எங்கயாவது இரு” என்றேன். அதன் பிறகு அத்தான் இங்கே வந்து புகார் கொடுத்தார்.

வருத்தம் தெரிவித்தால் சமாதானமாக முடித்துக்கொள்ளலாம் என்று ஆய்வாளர் சொன்னார். அக்காவின் பந்தயம் போனதற்கு வருத்தப்படுகிறேன். அவள் காலில் விழச் சொன்னாலும் விழுவேன். பூமை அறுத்ததற்கு வருத்தப்படவில்லை. அதற்குப் பதிலாக அத்தான் பிறகு இன்னொரு நடு பூமில் அதே மாதிரி துளை போட்டுக் கூடத்தில் வைத்திருக்கிறார். நாளை யாரோ ஒருவருடைய அக்கா அதை வாடகைக்கு எடுப்பாள். அதைக் கைப்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். கைப்பற்றாவிட்டால் நான் என்ன செய்வேன் என்பதையும் சொல்லியிருக்கிறேன். அதை மிரட்டல் என்று எழுதாமல் தகவல் என்று எழுதச் சொன்னேன், எழுதினார்கள்.

மேலே உள்ளதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் பூமை அறுத்த இடத்தில் “ஆத்திரத்தில் அறுத்தேன்” என்று எழுதியிருந்தார். அப்படி இருந்தால் வழக்கு லேசாகிவிடும், எனக்கு நல்லதுக்குத்தான் எழுதினேன் என்றார். நல்ல மனிதர். அந்த ஒரு சொல்லை மட்டும் அடிக்கச் சொன்னேன். நான் ஆத்திரத்தில் அறுக்கவில்லை, யோசித்து அறுத்தேன். அடித்த இடத்தில் என் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றபடி இதில் கண்டவை அனைத்தும் நான் சொன்னபடியே இருக்கின்றன, அனைத்தும் உண்மை.

(கையெழுத்து)