பளபளப்பை எடுக்கிற கண்ணாடி

வெயில் கண்ணாடி வாங்க வருகிறவர்கள் முதலில் ஃப்ரேமைத்தான் எடுப்பார்கள். முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். லென்ஸைப் பற்றிக் கேட்கிற ஆள் அபூர்வம். அதை நான் குறை சொல்லமாட்டேன், சார். மனித சுபாவம்.

அப்பாதுரை அண்ணன் அப்படியில்லை. என் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் லாட்ஜ் நடத்தியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வேங்கிக்கால் தாண்டி இருக்கும் ஏரிக்கு இருவரும் மீன் பிடிக்கப் போவோம். கோயில் ஊர் என்பதால் தூண்டிலைக் குடை உறைக்குள் மறைத்து எடுத்துப் போவோம். பௌர்ணமியிலும் கிருத்திகையிலும் தொடவே மாட்டோம்.

அவர் லாட்ஜில் தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் தன் தூண்டிலை அவருக்கே கொடுத்துவிட்டுப் போனார். முள்ளில் இறகைக் கட்டிச் செய்த பொய்ப்பூச்சியை நீர்மேல் வீசிப் பிடிக்கிற வகை. மண்புழுவைப் போட்டால் மீன் தானாகத் தேடி வரும். பொய்ப்பூச்சிக்கு நாம்தான் மீனைக் கண்டுபிடித்து அதன் முன்னால் வீசவேண்டும். அதற்குத் தண்ணீருக்குள் கண் போகவேண்டும்.

"உன் வெயில் கண்ணாடி மாதிரியே எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு வேணு. பவரோட வேணும். தண்ணி மேல ஒரே பளபளப்பு, மீனே தெரிய மாட்டேங்குது" என்றார். 1999ஆம் வருஷம், கோடை ஆரம்பித்திருந்தது.

சாதாரணக் கறுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைக் கம்மி பண்ணும், அவ்வளவுதான். நான் போடுகிற போலரைஸ்டு லென்ஸ் வேறு. நீர்மேல் அடிக்கும் பளபளப்பை மட்டும் எடுத்துவிடும். அடியில் கிடக்கும் கல் தெரியும், மீனின் வால் தெரியும். மழைக் காலத்தில் எங்கள் ஏரி கலங்கும் என்பதால் பழுப்பு நிறத்தைச் சொன்னேன். பூச்சியை நூலில் கட்டக் கிட்டத்தில் பார்க்கவும் பவர் வேண்டும் என்றார். "ரெண்டு கண்ணாடி எதுக்கு, ஒண்ணுலயே பண்ணிடு." அதனால் பைஃபோகல் போட்டேன். மேலே தூரத்துக்கு, கீழே படிக்க.

இங்கே என் மனைவி மணிமொழியைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், மதகுப் படியில் கேரியர் கழுவும்போது வழுக்கி விழுந்தாள். அந்த இடம் ஆழம். நான் கொஞ்சம் தள்ளி வேலமரத்தடியில் இருந்தேன். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் அப்பாதுரை அண்ணன்தான். "சத்தம் கேட்டுச்சுபா, கெண்டை துள்ளுதுன்னு நெனைச்சேன். வெயில் கண்ணு கூசிச்சு. தண்ணியில ஒண்ணுமே தெரியலை" என்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அழுதுகொண்டே சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். நான் நம்பவில்லை. அன்றிலிருந்து அவரை வெறுத்தேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

ஆகவே கண்ணாடியைக் கவனமாகச் செய்தேன். பைஃபோகல் கோடு கீழ் இமைக்கு நேராக நிற்கவேண்டும். நான் சற்று ஏற்றினேன். நேரே பார்த்தால் தெரியாது. தலை குனிந்தாலும் காலடி மட்டும் படிக்கிற பகுதியில் விழுந்து கலங்கும். பைஃபோகல் வாங்குகிற எல்லோரிடமும், "படி இறங்கும்போது கழட்டிடுங்க, பழகுற வரைக்கும்" என்று சொல்வேன். அவரிடம் சொல்லவில்லை. இன்னொன்றும் உண்டு. பளபளப்பு போய்விட்டால் ஈரப் பாசி காய்ந்த கல் மாதிரியே இருக்கும். அதையும் சொல்லவில்லை.

அவர் மனைவி சந்திரம்மாள் அண்ணி, புருஷன் ஞாபகமாகத் தானே போட்டுக்கொள்ளலாம் என்று அந்த ஃப்ரேமை வேலூரில் ஒரு கடைக்கு லென்ஸ் மாற்றக் கொண்டுபோனதும், கோடு இவ்வளவு மேலே எந்த மடையன் வைத்தான் என்று அங்கே கேட்டதும் உங்களுக்குத் தெரியும். மடையன் என்பதுதான் எனக்கு வருத்தம். அளவில் நான் தப்பு பண்ணியதே இல்லை.

அண்ணன் அதைப் போட்டுக்கொண்ட முதல் நாள் நானும் கூடப் போனேன். மூக்கில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும் அல்லவா. அவர் மதகின் மேல்படியில் நின்று தண்ணீரைப் பார்த்தார். சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். "அடேயப்பா, அடிக் கல்லு கூடத் தெரியுது." அப்புறம் சிரிப்பு நின்றது. வேலமரத்தைப் பார்த்தார். அங்கிருந்து மதகுத் தண்ணீரைப் பார்த்தார். கீழே கரையோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"வேணு, மணிமொழி போன அன்னிக்கு நீ இதைத்தானே போட்டுட்டு இருந்தே?"

அவர் என்னை நோக்கி வர ஒரு படி இறங்கினார். காய்ந்த கல் என்று நினைத்து வைத்த கால் வழுக்கியது. விழுந்தவர் கையை நீட்டினார். என் கையில் தூண்டில் இருந்தது. நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். எனக்கு நீச்சலும் தெரியும், அதை நீங்கள் கேட்கவில்லை. என் கண்ணாடியை நான் கழற்றவில்லை. கடைசிவரை தெளிவாகத் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. அவர் கண்ணாடி கழன்று, மெதுவாக இறங்கி, கல் இடுக்கில் உட்கார்ந்தது. அதை நானே எடுத்துவந்து அண்ணியிடம் கொடுத்தேன்.

இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவர் கேட்ட கேள்வியை மட்டும் நீங்களும் கேட்காதீர்கள். மணிமொழி விழுந்த நேரத்தில் என் தூண்டில் மிதப்பு ஆடிக்கொண்டிருந்தது, பெரிய மீன். கேட்டே ஆகவேண்டும் என்றால் இப்படி எழுதிக்கொள்ளுங்கள், சார். அன்றைக்கு வெயில் ஜாஸ்தி. கண் கூசியது. தண்ணீரில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.