பத்துக்கு ஒன்று வாங்கிய மல்லர் மர்ரே பூட்டிலியருக்கு

கோதாவின் கோமகனே! முரட்டுக் கரமும் மெல்லிய மனமும் முரணின்றி வாய்த்த மல்லரே! முப்பத்தொரு ஆண்டுகள் வில்லன் வேடத்தில் வசவையே வாழ்த்தாக வாங்கி, எறியப்பட்ட பாப்கார்னையே பூமாரியாக ஏற்ற பெருந்தகையே! சுவரொட்டியில் 'கல்லுடைப்பான்' என்றும், உடை மாற்றும் அறையில் 'மர்ரே அண்ணே' என்றும் அழைக்கப்பெறும் மர்ரே பூட்டிலியர் அவர்களே! தங்களோடு அடித்தும் அடிபட்டும் வாழ்ந்த நாங்கள், கிளேஸ் பே படைவீரர் மன்றத்தின் இந்த ஞாயிறு நண்பகலில், மீன் சூப்பு ஆறுவதற்குள் முடித்துவிடுவோம் என்ற உறுதியோடு இம்மடலை வாசித்தளிக்கிறோம்.

அந்தரத்தில் பறந்தீர்களா? இல்லை. ஒரே ஒருமுறை பறக்க முயன்றபோது கோதாவின் பலகை இரண்டாகப் போனதை ஹாலிஃபாக்ஸ் மக்கள் இன்றும் மறக்கவில்லை. தாங்கள் அறிந்த பிடிகள் இரண்டே. ஒன்று கழுத்துப்பிடி, மற்றொன்று காபிக் கோப்பையைப் பிடிப்பது. மற்றபடி குத்து, உதை, மடக்கு நாற்காலி! ஆயினும் நியூஃபவுண்ட்லாந்து முதல் நியூ பிரன்ஸ்விக் வரை, பனி பொழிந்த நாளிலும் பாதை மறைந்த நாளிலும், தங்கள் குத்து வாங்கிய எவரும் மறுநாள் வேலைக்கு வராமல் இருந்ததில்லை.

வெற்றி தோல்வியை முன்பே பேசி வைத்துக்கொண்டு ஆடும் நம் தொழிலில் கைகுலுக்குவது பூனைக்குட்டியைத் தொடுவதுபோல் இருக்க வேண்டும். 'உன் உடம்பு என்னிடம் பத்திரம்' என்பது அதன் பொருள். ஆட்டத்தின் நடுவிலும் ஒருவர் விரலை ஒருவர் யாருமறியாமல் அழுத்துவோம். திருப்பி அழுத்தினால் 'நலம், மேலே ஆடலாம்'. இதை இங்குள்ள பாதிப் பேருக்குக் கற்பித்த கை தங்களுடையது.

இனி, இம்மடலை எழுதிய கைக்கு உரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நடுவர் லோர்ன் சையசன். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் மல்லரின் திறமைக்குப் பத்துக்கு இத்தனை என்று எழுதி அலுவலகத்தில் கொடுப்பது அவர் பொறுப்பு. தம் கணிப்பில் தப்பே வராது என்பதில் அவருக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு. அதை அவரே இங்கே எழுதச் சொன்னார்.

பதினோர் ஆண்டுகளுக்கு முன் ஒரு பிப்ரவரி. இதே ஊரின் பனிச்சறுக்கு அரங்கில் தங்களுக்கு எதிரே இளைய மல்லர் டேரில் மகிசாக். நடுவில் நடுவர் இடிபட்டு மயங்கி விழ வேண்டும் என்பது ஏற்பாடு. மயங்கிய நடுவர் கண் திறக்கலாகாது என்பது நம் சட்டம். லோர்னும் கண்ணை இறுக மூடி மூலையில் கிடந்தார். அந்த நடிப்பில் அவரை மிஞ்ச ஆளில்லை. எழுந்து பார்த்தால், மண்டியிட்டிருந்த டேரிலுக்கு ஒரு சாண் தள்ளியே தங்கள் குத்துகள் போய்க்கொண்டிருந்தன! டேரிலைத் தலைகீழாகத் தூக்கி இறக்கி வெல்ல வேண்டிய தாங்கள், அவர் அருகே தாங்களாகவே மல்லாந்து விழுந்து, அவருடைய கையை எடுத்துத் தங்கள் மார்பின்மேல் போட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தீர்கள். லோர்ன் வேறு வழியின்றி மூன்று எண்ணி, வென்றவர் டேரில் என்று அறிவித்தார். அரங்கம் கைகொட்டிச் சிரித்தது.

திரைக்குப் பின்னால் லோர்ன் குதித்தார். "கிறுக்குப் புடிச்சிருச்சாய்யா உனக்கு? முடிவை எங்கய்யா தொலைச்ச?"

"வயசாயிருச்சுப்பா, மறந்துட்டேன்," என்றீர்கள். "நீ எழுதுறத எழுதிக்க. டேரிலுக்குப் பசிக்குதாம், நான் வண்டியில கூட்டிட்டுப் போறேன்."

லோர்ன் எழுதினார்: 'பத்துக்கு ஒன்று. அடிக்கத் தெரியவில்லை, விழத் தெரியவில்லை, முடிக்கத் தெரியவில்லை.' வசந்தத்தில் தங்களுக்கென்று வைத்திருந்த பட்டப் போட்டியை அந்த ஒற்றைத் தாளைக் காட்டி அலுவலகம் வேறொருவருக்குக் கொடுத்தது. அன்று தொட்டுப் பதினோர் ஆண்டுகள், மக்கள் இருக்கை தேடி அலையும் முதல் ஆட்டமே தங்கள் பங்காயிற்று. தாங்களோ லோர்னுக்கு வழக்கம்போல் காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள்.

சென்ற மாதம் டேரில் லோர்னின் சமையலறையில் வந்து உட்கார்ந்தார்.

"கயித்து மேலருந்து நான்தான் தப்பாக் குதிச்சேன்," என்றார். "நீங்க கண்ண மூடிக் கெடந்தீங்க. கழுத்துல டொக்குன்னுச்சு, வலக்கை செத்துப்போச்சு. மர்ரே அண்ணே விரல அழுத்துனாரு, என்னால திருப்பி அழுத்த முடியல. அதுக்கப்புறம் என் மேல ஒரு தூசி படல. ஏற்பாட்டுப்படி தூக்கியிருந்தார்னா நான் இன்னிக்குச் சக்கர நாற்காலிதான்."

அன்று தாங்கள் வண்டியில் கூட்டிச் சென்றது பக்கத்து ஊரான சிட்னியின் மருத்துவமனைக்கு. கழுத்தெலும்பில் விரிசல். கோதாவில் கழுத்து உடைந்தவன் என்று தெரிந்தால் எவனும் வேலை தரமாட்டான் என்று டேரில் அழ, ஊருக்கெல்லாம் பனியில் வழுக்கி விழுந்தான் என்று சொன்னீர்கள்.

"பதினோரு வருசமாடா வாயத் திறக்கல?" என்று கேட்டார் லோர்ன்.

"அவரு வாக்குக் குடுத்துட்டாரு. பேச வேண்டியது நான். எனக்குத்தான் தைரியம் வரல."

லோர்ன் அந்த ஆட்டத்தை மனத்துக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தார். கடைசி வரிசைக்காரனும் சிரிக்கும்படி, வேண்டுமென்றே, ஒவ்வொரு குத்தையும் ஒரே அளவில் தவறவிட எத்தனை தேர்ச்சி வேண்டும்! நொடிப்பொழுதில் வெற்றியைத் தூக்கிக் கொடுத்து, அதைக் கிழவனின் மறதியாகக் காட்ட எத்தனை நெஞ்சு வேண்டும்! இருபது ஆண்டு நடுவருக்கே அது புரியவில்லை என்றால், ஐயா, அதைவிடப் பெரிய ஆட்டம் எது?

பழைய தாளை அலுவலகம் தேடித் தந்தது. அந்த ஒன்றின் பக்கத்தில் லோர்ன் ஒரு சுழி போட்டுப் பத்தாக்கி, கையொப்பமிட்டு, இம்மடலை மாட்டிய கண்ணாடிச் சட்டத்தின் பின்புறம் ஒட்டியிருக்கிறார். போன பட்டம் வராது. அந்த வருத்தம் எங்களுக்கு என்றும் உண்டு. லோர்ன் மன்னிப்புக் கேட்கிறார், நேரில் கேட்டால் அழுதுவிடுவார் என்பதால் எழுத்தில்.

தேய்ந்த முழங்கால் தேறி, தங்கள் துணைவியார் கேரல் அம்மையாரின் திட்டும் கானாங்கெளுத்தித் தூண்டிலும் குறைவின்றிக் கிடைத்து, நோயற்ற நெடுவாழ்வு பெற்றுத் தாங்கள் நீடு வாழ்க!

இச்சட்டத்தை இப்போது தங்களிடம் தருபவர் டேரில். தந்தபின் கைகுலுக்குவார், மெல்லத்தான். விரலை ஒருமுறை அழுத்திப் பாருங்கள் அண்ணே. இம்முறை அவர் திருப்பி அழுத்துவார்.

என்றும் தங்கள் அன்பில்,
கிளேஸ் பே மல்லர்கள், நடுவர்கள்,
கோதா கட்டுவோர், நுழைவுச்சீட்டு கிழிப்போர்