வெள்ளிக்கிழமைப் பருந்து

1931 அக்டோபர் 17, சனிக்கிழமை, காலை ஏழே முக்கால், தூறல். ஆம்பூரில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இருவரில் ஒருவர், "வெள்ளிக்கிழமை பறக்குற பருந்துதான் மச்சான் கணக்கு," என்றார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கவேண்டிய நான், எடுத்த குடையை மறுபடி வைத்தேன்.

"இன்னா காதர் இது? வடக்கேர்ந்து வர்ற பருந்தை தோல் டேனரி மாடியிலேர்ந்து எண்ணச் சொன்னாரு ஃபாரஸ்ட் ரேஞ்சர். தினம் இருநூறு எண்ணினியே, அதைச் சொல்லு."

"அதெல்லாம் நம்மூரு பருந்து மச்சான். தோல்லேர்ந்து சீவிப் போடுற கறிக்குச் சுத்துது. ஒண்ணையே பத்து வாட்டி எண்ணிட்டேன். நேத்து ஜும்மா, டேனரி லீவு, கறி இல்ல. ஒண்ணும் சுத்தல. நேரா தெக்கே போனது பதினொண்ணுதான்."

"அவரு ஜாஸ்தி எதிர்பாக்குறாரு. உம் புள்ளைக்கு வாச்சர் வேலை கேக்கப் போறவன், பதினொண்ணுன்னு போய் நிப்பியா?"

"அதான் பேஜாரு."

என் ஸ்டேஷன் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

வாணியம்பாடி பிளாட்பாரத்தில் ரேஞ்சர் காத்திருந்தார். அவர்கள் பின்னாலேயே நானும் இறங்கினேன்.

"எத்தனை பாய்?" என்றார் ரேஞ்சர்.

கூட வந்த மச்சான், காதரின் முதுகில் இடித்தார்.

"பதினொண்ணு, ஐயா. இதுவரைக்கும் சொன்னதெல்லாம் தப்பு."

ரேஞ்சர், "அப்போ அடுத்த வெள்ளியும் எண்ணு," என்றார்.

காதர், "ஐயா, எம் புள்ளை..." என்று ஆரம்பித்தார். அதற்குள் டிக்கெட் பரிசோதகர் என் தோளைத் தொட்டுவிட்டார். அபராதத்தோடு ஐந்தணா.