திட்டத் தெரியாத துரை

இதையெல்லாம் எழுதுவானேன் என்று விட்டுவிடத்தான் இருந்தேன். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் லிந்துலை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

“திங்கக்கெழமையிலேருந்து ஒத்திகை பாக்குறோம். தோட்டத்துத் துரை வேஷம் போட்டுக்கிட்டு, கொழுந்து கொறைவா எடுத்த பொம்பளைகிட்ட ‘பரவாயில்லங்கக்கா’ங்குற!”

“எங்கம்மாவத் திட்டுற மாதிரி இருக்குடி. வாய் வரமாட்டேங்குது.”

“வெள்ளிக்கெழமை நாடகம். நாளைக்கும் திட்டலன்னா டீச்சர் வேற ஆளைப் போட்ருவாங்க. இப்ப என்னையத் திட்டிப் பழகு.”

துரை வேஷக்காரி தொண்டையைச் செருமினாள்.

“ஏய்! கொழுந்து ஏன் கொறைவு?”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. உடனே குரல் இறங்கிவிட்டது.

“அட்டை கடிச்சிருச்சாங்கக்கா?”

உண்மைத் துரை கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார். இறங்கியதும் எங்கள் தோட்டத்துக் கூட்டாளியிடம் இதைச் சொன்னேன். அவன் சிரிக்கவேயில்லை.

“நம்ம தோட்டத்துக்கு அந்தப் புள்ளையவே துரையாப் போடச் சொல்லுடா.”