சுவரோரத்து இடைவெளி

பெயர் கிறிஸ்தோபர் லூசியா. வயது 54. பலாபத்வலயில் வசிக்கிறேன். மரக்கறி ரொட்டி செய்து கடைகளுக்குக் கொடுப்பது தொழில். நேற்றுக் காலை இந்தப் பொலிஸ் நிலையத்தில் நான் கொடுத்த முறைப்பாடு பிழையானது என்று சொல்ல வந்துள்ளேன்.

முந்தாநாள் அன்ஸாப் என்னும் மேசன் என் குசினியில் கிரனைட் மேடை பொருத்தினார். சுவரோரம் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. "காலையில வந்து அடைச்சுத் தாறேன், அதுவரைக்கும் மேல ஒண்ணும் வைக்காதீங்க அக்கா" என்று சொல்லிப் போனார். எனக்குப் பொறுமை கிடையாது. புது மேடையில் முதலில் பால் பொங்க வேண்டும், அதோடு கடைகளில் அறுபது ரொட்டிக்குச் சொல்லியிருந்தார்கள். நேற்று ஆறு மணிக்கு அடுப்பை மேடையில் வைத்துப் பால் ஏற்றினேன். கலியாண மோதிரத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்து மா பிசைந்தேன். பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. சந்தோசத்தில் துணியை எடுத்துச் சுவர்ப் பக்கமாகவே துடைத்துவிட்டேன்.

அதன்பின் எட்டு மணிக்கு அன்ஸாப் வந்தார். ஓரத்தைக் குனிந்து பார்த்தார், தேநீர் குடித்தார். அப்போதுதான் மோதிரத்தைத் தேடினேன், இல்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவரை வாசலுக்கு இழுத்து, நாலு பேர் பார்க்க, "நீ மட்டுந்தானே உள்ள நின்ன, எடுத்துக் குடு" என்று கத்தினேன். அவர் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டினார், சாமான் பையையும் தரையில் கொட்டினார். அப்படியும் நான் இங்கு வந்து முறைப்பாடு செய்தேன். அவரையும் அவருடைய சாமான் பையையும் பிடித்து வைத்தார்கள்.

இன்று காலை மேடையில் எறும்புகள் வரிசையாகச் சுவரோர இடைவெளிக்குள் இறங்கின. புளித்த பால் வாடை வந்தது. ஈர்க்கு விட்டுக் கிளறினேன். காய்ந்த மாவோடு மோதிரம் வந்தது. பாலைத் துடைத்தபோது நானேதான் அதை உள்ளே தள்ளிவிட்டிருக்கிறேன்.

உடனே இங்கு வந்தேன். வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த அன்ஸாபிடம், "மன்னிச்சுக்க தம்பி, வந்து மிச்ச வேலைய முடிச்சுக் குடு" என்றேன். அவர், "என் சாமான் பையத் தரச் சொல்லுங்க. ஓரத்த வேற ஆள வச்சு அடைச்சுக்கங்க" என்றார்.

அவரையும் அவருடைய பையையும் விடும்படி கேட்கிறேன். அவரைத் திருடன் என்று சொன்ன அதே வாசலில் நின்று, அதே ஆட்களைக் கூப்பிட்டு, என் பிழையை நானே சொல்வேன். வேறு மேசனைக் கூப்பிடமாட்டேன். அவராக மனமிரங்கி வந்து அடைக்கும் வரைக்கும் அந்த ஓரம் திறந்தே கிடக்கட்டும்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை என்று ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) கி. லூசியா