இருநூற்று மூன்று ஏ

– ஒரேயொரு வரி, பிள்ளை. பாஸ்வேர்ட் ஃபைலில அந்தக் கிளார்க் அர்ஜுனன்ட வரியை அழிச்சுவிட்டுப் போங்கோ. அதுக்குத்தான் உங்கட கம்ப்யூட்டர் கம்பெனிக்குக் காத்தால போன் அடிச்சனான்.

– அழிச்சிடலாம் சார், ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அழிச்சிட்டா அப்புறம் ஒண்ணையும் தேட முடியாது. அவரு என்னதான் செஞ்சாருன்னு மெஷின்லயே ஒரு தடவை பார்த்துடுவோம்லா.

– என்னத்தைப் பாக்கிறது? எங்கட கப்பல் கூலி ரேட் முழுக்க அவன்ட ஃபைலில கிடந்தது. சனிக்கிழமை மத்தியானம் துடைச்சுப்போட்டான். திங்கக்கிழமை திறந்தா உள்ளுக்க வெறும் படிவம்! ரேட் குடுக்க ஏலாமல் ரெண்டு ரப்பர்காரர் வேற ஏஜெண்டிட்டப் போயிட்டினம். இருபத்தாறு வருசமா இந்தக் கந்தோரைத் தலையில தூக்கிக்கொண்டு நிக்கிறன், இந்தத் தியாகராஜா. எனக்கு வந்து வாய்ச்ச கிளார்க்கைப் பாருங்கோ.

– அவரு என்ன சொல்றாரு?

– என்ன சொல்லுவான்? நான் தொடவேயில்லை எண்டுறான். கீழ கோப்பிக்கடையில குந்தியிருக்கிறான். மூண்டு மணிக்கு எங்கட சீன முதலாளி, தவுக்கே, கூப்பிட்டு வேலை நிப்பாட்டுற கடிதம் குடுப்பார். பிறகு இந்த பீச் ஸ்ட்ரீட்டில ஒருத்தரும் அவனைச் சேர்க்க மாட்டினம். அது கிடக்கட்டும், பிள்ளைட பேர் என்ன?

– வள்ளிநாயகி.

– எந்த இடம்? யாற்ற பிள்ளை?

– புக்கிட் மெர்தாஜாம். மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம் சார், இப்பவே மணி ரெண்டு. நாற்காலிய இழுத்துப் போட்டு நீங்களே கீபோர்டு முன்னால உட்காருங்க.

– நானோ? பிறகு நீங்கள் என்னத்துக்கு வந்தனீங்கள்?

– உங்க மெஷின், உங்க கை. நான் பின்னால நின்னு சொல்றேன், நீங்க தட்டுங்க.

– ம்ம்... மூத்தாக்களை மதிக்கத் தெரிஞ்ச பிள்ளை. சொல்லுங்கோ, சொல்லுங்கோ. எனக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. என்ட பேரில உள்ளுக்குப் போயிட்டன்.

– எல், எஸ். ஒரு இடம் விட்டு மைனஸ் எல். அப்புறம் அந்த ரேட் ஃபைல் பேரு.

– இந்தா! கண்ணால பாருங்கோ. சொந்தக்காரன் ஆர்? அர்ஜுனன். கடைசியா மாறினது சனிக்கிழமை பன்னெண்டு நாற்பது. அதில எழுத அவனுக்கு மட்டும்தான் அனுமதி; நான்தான் அப்பிடிப் பூட்டி வைச்சனான். வேற ஒரு மனுசன் கை வைக்கேலாது. இதைத்தான் பிரிண்ட் எடுத்துத் தவுக்கேட மேசையில வைச்சனான்.

– சரி. இப்ப 'லாஸ்ட்'னு தட்டி, அவர் பேரப் போடுங்க. எப்ப உள்ள வந்தாரு, எப்ப வெளிய போனாருன்னு சொல்லும்.

– வருது... வருது... சனிக்கிழமை. காத்தால எட்டு ரெண்டுக்கு வந்திருக்கிறான். வெளியில போனது... பன்னெண்டு மூண்டு.

– ஃபைல் மாறினது பன்னெண்டு நாற்பது.

– அதுக்கு? திரும்பி வந்திருப்பான்.

– வந்திருந்தா இங்க இன்னொரு வரி இருக்கும் சார். இருக்கா?

– ...இல்லை.

– சரி, அவர விடுங்க. இப்ப உங்க இடத்துலயே ஒரு புது ஃபைல் செய்யுங்க. டி, ஓ, யூ, சி, எச். பேரு உங்க இஷ்டம்.

– 'முருகா' எண்டு போடுறன்.

– போடுங்க. இப்ப மறுபடியும் எல் எஸ் மைனஸ் எல், அந்த முருகாவுக்கு. சத்தமா வாசிங்க சார். சொந்தக்காரர் யாரு?

– அர்ஜுனன் எண்டு கிடக்கு.

– இப்பத்தானே நீங்க செஞ்சீங்க?

– ஐயோ! பாத்தீங்களே பிள்ளை, என்ட ஃபைலையும் தன்ட பேருக்கு மாத்திப்போட்டான்! கள்ளன், பச்சைக் கள்ளன்!

– கீழ கோப்பிக்கடையில உட்கார்ந்துக்கிட்டா? பாஸ்வேர்ட் ஃபைலத் திறங்க சார். மாத்த வேணாம், சும்மா பார்க்க மட்டும். ஆளுக்கு ஒரு வரி இருக்கும். பேரு நமக்காக எழுதியிருக்கிறது. மெஷினுக்கு ஆளுன்னா அந்த நம்பர்தான். அவர் வரில என்ன நம்பர்?

– இருநூற்றி மூண்டு.

– அதுக்கு அடுத்த வரி உங்களுது. அதுல?

– இருநூற்றி மூண்டு ஏ.

– அந்த 'ஏ' எங்கிருந்து வந்துச்சு?

– நான் போட்டது! இருநூற்றி நாலு வரவேண்டிய இடம் அது. தவுக்கேக்கு நாலு கண்ணில காட்டக் கூடாது பிள்ளை, சீனத்தில நாலு எண்டால் சாவு எண்டு கேக்குமாம். அவர்ட காரில நாலு இல்லை, டெலிபோனில நாலு இல்லை. இந்தக் கட்டடத்து லிஃப்டில ஏறித்தானே வந்தனீங்கள்? மூண்டு, மூண்டு ஏ, அஞ்சு. அதே மாதிரித்தான் மெஷின் வந்த கையோட நானே இருந்து திருத்தினனான். தவுக்கே பாத்திட்டு என்ட முதுகில தட்டினார்.

– லிஃப்டுக்கு அது சரி சார். மெஷின் அந்த இடத்துல நம்பர மட்டும்தான் வாசிக்கும். எழுத்து வந்தா அதோட நிறுத்திடும்.

– அப்ப... நான்?

– இருநூத்தி மூணு. அவரும் இருநூத்தி மூணு. மெஷின் வந்த இந்த மூணு மாசமா அதுக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆளு. அந்த நம்பர் இருக்கிற வரிகள்ல முதல்ல யார் பேரு வருதோ, அதத்தான் எடுத்துக் காட்டுது.

– நில்லுங்கோ, போன் அடிக்குது. ஹலோ... யா, சலேஹா... யா, பூக்குல் தீகா... தவுக்கேட கிளார்க் பிள்ளை. மூண்டு மணிக்குச் சரியோ எண்டு கேக்கிறா.

– அதுக்குள்ள இன்னும் ஒண்ணு தட்டிடுங்க. மறுபடி 'லாஸ்ட்'. இந்தத் தடவை உங்க பேரு.

– என்ட பேர் எதுக்கு?

– தட்டுங்க சார்.

– ...சனிக்கிழமை. பன்னெண்டு முப்பத்தொண்டு, உள்ளுக்கு. பன்னெண்டு ஐம்பத்திரெண்டு, வெளியில.

– அந்த இருபது நிமிஷம் என்ன செஞ்சீங்க?

– ஒண்டும் செய்யேல்லை. அவன்ட ரேட்டை என்ட பக்கம் ஒரு கொப்பி எடுத்து வைச்சனான், ஒரு பாதுகாப்புக்கு. என்ட பக்கத்தில அதே பேரில வெறும் படிவம் ஒண்டு கிடந்தது, அதுக்கு மேல. சி, பி எண்டு அடிச்சு, என்ட ஃபைல் பேர், பிறகு அவன்ட... பிள்ளை, எது முதல்ல வரவேணும்?

– எங்கிருந்து எடுக்கிறோமோ, அது முதல்ல. எங்க வைக்கிறோமோ, அது அப்புறம்.

– ...மாறிப்போட்டன். கடவுளே. என்ட வெறும் படிவத்தை அவன்ட ரேட்டுக்கு மேல நானே போட்டிருக்கிறன்.

– உங்க நம்பர் வேறயா இருந்திருந்தா, 'உனக்கு அனுமதி இல்ல'ன்னு மெஷின் அங்கேயே தடுத்திருக்கும்.

– மணி என்ன?

– ரெண்டு நாற்பது.

– பிள்ளை... இந்த மூண்டு ஏயை இப்பவே அஞ்சாக்கிவிட்டா?

– எதையும் மாத்தவிடுற ரூட் பாஸ்வேர்ட் உங்ககிட்டத்தான் இருக்கு. மாத்திடலாம். அர்ஜுனன் வரியையும் அழிச்சிடலாம். யாருக்கும் தெரியாது. நானும் ஃபெரி ஏறிப் போயிடுவேன்.

– தியாகராஜா கை பட்டாப் பிழை வராது எண்டு தவுக்கே ஊரெல்லாம் சொல்லித் திரியிறார். அந்தாள்ட முகத்தில எப்பிடி முழிப்பன்? ஆனா அந்தப் பெடியன் என்ட முகத்தைப் பாத்துச் சொன்னவன், பிள்ளை. 'நான் தொடவேயில்லை சார்' எண்டு மூண்டு தரம். பொய்யன் எண்டு கத்தினன். எல்லாருக்கும் முன்னால. சீ, வெக்கமாக் கிடக்கு. பிரிண்ட் எடுக்க என்ன அடிக்கவேணும்?

– எல், பி.

– எல்லாத்தையும் எடுக்கிறன். என்ட இருபது நிமிசத்தையும். ரெண்டு கொப்பி. ஒண்டு தவுக்கேக்கு. மற்றதை நானே கீழ கொண்டுபோய் அவன்ட கையில குடுத்து, அவனைக் கூட்டிக்கொண்டு மேல வாறன். கத்தினது எல்லாருக்கும் முன்னாலதானே, மன்னிப்பும் அப்பிடியே கேக்கிறன். ரேட் வெள்ளிக்கிழமை கொப்பி எடுத்து வைச்ச டேப்பில இருக்கும், அதை எடுத்துப்போடலாம். இந்த ஏயை மட்டும் பிறகு சரியாக்கித் தாங்கோ.

– கண்டிப்பா சார்.

– ஆனா எனக்கு ஒண்டு விளங்கேல்லை. நீங்கள் தட்டியிருந்தாப் பத்து நிமிசத்தில முடிச்சிருப்பீங்கள். வந்த நேரம் தொட்டு அந்தக் கீபோர்டில ஒரு விரல் வைக்கேல்லையே, ஏன்?

– வச்சிருந்தா, நான்தான் ஏதோ மாத்திட்டேன்னு நாளைக்கு யாராவது சொல்லுவாங்க சார். முதல்ல கேட்டீங்களே, யாரோட பிள்ளைன்னு? காலைல உங்க போன எடுத்ததும் நான்தான். கீழ கோப்பிக்கடையில உட்கார்ந்திருக்கான் பாருங்க, அவன் என் தம்பி.